உயிரியலில் எதை மனப்பாடம் செய்வது, எதைப் புரிந்து படிப்பது?

உயிரியல் பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இரண்டு வகைச் செய்திகள் கலந்தே கிடக்கும். சிலவற்றுக்குக் காரணம் சொல்லலாம்: இதயத்தின் இடது வெண்டிரிக்கிள் (கீழறை) சுவர் வலதைவிடத் தடிப்பானது, ஏனென்றால் அது உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ள வேண்டும், வலது வெண்டிரிக்கிள் பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும். வேறு சிலவற்றை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது: இடது ஏட்ரியத்துக்கும் (மேலறை) இடது வெண்டிரிக்கிளுக்கும் நடுவே உள்ள வால்வுக்கு மிட்ரல் வால்வு என்று பெயர். தெரிந்தால் தெரியும், இல்லையென்றால் இல்லை.

இந்த இரண்டையும் ஒரே முறையில் படிக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எல்லாவற்றையும் உருப்போடுபவர் இரத்தம் ஓடும் பாதையை ஒரே மூச்சில் ஒப்பிப்பார், "அந்த வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் எங்கே தேங்கும்?" என்று கேட்டால் நின்றுவிடுவார். மனப்பாடமே கூடாது, புரிந்தால் போதும் என்று நினைப்பவர் அதற்குப் பதில் தெரிந்தும் பெயர்கள் வராமல் தடுமாறுவார். மனப்பாடமா புரிதலா என்று பட்டிமன்றம் நடத்துவதால் இவர்கள் இருவருக்குமே பயனில்லை. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்தால் பெரிய சுமை இறங்கிவிடும். உயிரியலை இப்போதுதான் தனிப் பாடமாகப் படிக்கத் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக, அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: பென்சிலால் பிரிப்பது

புதிய பாடத்தை எடுத்ததும் கையில் ஒரு பென்சில் வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஒவ்வொரு செய்தியிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இது வேறு மாதிரி இருந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா?" மிட்ரல் வால்வுக்கு வேறு பெயர் வைத்திருந்தால் யாருடைய இதயமும் நின்றிருக்காது. ஓரத்தில் 'ம' என்று எழுதுங்கள், இது மனப்பாடத்துக்கு. இடது வெண்டிரிக்கிள் சுவர் மெல்லியதாக இருந்திருந்தால் உடலின் கடைசி மூலை வரை இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் கிடைத்திருக்காது. இங்கே 'ஏ' போடுங்கள். இது 'ஏன்' என்று கேட்டுப் படிக்க வேண்டியது.

பெயரும் எண்ணும் என்றால் மனப்பாடம், செயல்பாடு என்றால் புரிதல் என்று மேலோட்டமாகப் பிரித்துவிடாதீர்கள். எண்களையே எடுத்துக்கொள்வோம். மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள். ஏன் 46 என்று உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க வழியில்லை, சிம்பன்சிக்கு 48. ஆக இது 'ம'. ஆனால் மரபுக் குறியீட்டில் 64 கோடான்கள், அதாவது குறியீட்டுச் சொற்கள், இருப்பது 'ஏ'. டி.என்.ஏவில் 4 வகைக் காரங்கள். புரதம் செய்ய வேண்டிய அமினோ அமிலங்களோ 20. ஒரு காரம் ஒரு அமினோ அமிலத்தைக் குறித்தால் 4 குறியீடுகள்தான் கிடைக்கும். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 16, அப்போதும் போதாது. மூன்று மூன்றாகச் சேர்த்தால் 64. இப்போது 20ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தவர் 'கோடான் மூன்று காரங்களால் ஆனது', 'மொத்தம் 64', 'ஒரே அமினோ அமிலத்துக்குப் பல கோடான்கள் இருக்கலாம்' என்ற மூன்று வரிகளையும் தனித்தனியாக உருப்போட வேண்டியதில்லை. அந்த 64இல் 3 நிறுத்தக் கோடான்கள் (புரதம் இங்கே முடிகிறது என்று சொல்பவை) என்பது மட்டும் 'ம'.

பட்டாணிச் செடிகளில் மரபை ஆராய்ந்த மெண்டலின் விகிதங்களும் அப்படித்தான். 9:3:3:1 என்பதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பண்புக்கு 3:1, இன்னொரு பண்புக்கும் 3:1, இரண்டும் ஒன்றையொன்று பாதிக்காமல் பிரிகின்றன என்றால் பெருக்கினால் போதும்: 3×3, 3×1, 1×3, 1×1. அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் இதில் இருக்கிறது. 'ஒன்றையொன்று பாதிக்காமல்' என்ற நிபந்தனை இப்போது உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு ஜீன்களும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் இந்த விகிதம் வராது என்று யாரும் சொல்லாமலே நீங்கள் சொல்வீர்கள். எண்ணை மட்டும் உருப்போட்டவருக்கு அது எப்போது பொய்க்கும் என்று தெரிய வழியே இல்லை. மெண்டலுக்குக் கிடைத்த உருண்டை விதைகள் 5,474, சுருங்கிய விதைகள் 1,850, விகிதம் 2.96:1. எது எதோடு சேரும் என்பது தற்செயல் என்று புரிந்தவருக்கு, துல்லியமாக 3 வராதது உறுத்தாது.

இரண்டும் கலந்த வரிகளும் வரும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எண் 'ம'. ஆனால் அது ஏன் நெடுநாள் வாழ முடியாது என்பது 'ஏ': முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லை, பழுதான புரதத்துக்குப் பதிலாகப் புதியது செய்துகொள்ள அதற்கு வழியில்லை. இப்படிப்பட்ட வரிக்கு இரண்டு குறியும் போடுங்கள்.

ஒரு பாடம் முழுக்க இப்படிப் பிரித்துப் பாருங்கள். 'ம' பட்டியல் நீங்கள் பயந்த அளவுக்கு நீளமாக இருக்காது. வகைப்பாட்டியல் போன்ற சில பாடங்களில் மட்டும் அது நீளும். அதை ஏற்றுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

இரண்டாம் படி: ஒரு பொருளின் பின்னாலேயே போவது

முதல் வாசிப்பில் எதையும் மனதில் பதிக்க முயலாதீர்கள். படங்களை முதலில் பாருங்கள், அப்புறம் எழுத்தைப் படியுங்கள். படித்து முடித்ததும் அந்தப் பாடத்தில் வரும் ஏதாவது ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அது எங்கே கிளம்பி எங்கே போய்ச் சேர்கிறது என்று தொடருங்கள். இரத்த ஓட்டம் என்றால் ஒரு சிவப்பணு. கழிவுநீக்கம் என்றால் ஒரு யூரியா மூலக்கூறு. ஒளிச்சேர்க்கை என்றால் ஒரு கார்பன் அணு.

கார்பன் அணுவோடு போய்ப் பார்ப்போம். காற்றில் கார்பன் டை ஆக்சைடாக இருக்கிறது. இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்து பசுங்கணிகத்தின் உள்திரவமான ஸ்ட்ரோமாவுக்குப் போகிறது. அங்கே கால்வின் சுழற்சியில் சர்க்கரையின் பகுதியாகிறது. விதையில் ஸ்டார்ச்சாகச் சேமிக்கப்படுகிறது. யாரோ அதைச் சாப்பிடுகிறார்கள். அமைலேஸ் என்ற நொதி அதை உடைக்க, கடைசியில் குளுக்கோஸாகிச் சிறுகுடல் சுவரைத் தாண்டி இரத்தத்துக்கு வருகிறது. ஏதோ ஒரு செல்லுக்குள் போய், சைட்டோபிளாசத்தில் பைருவேட்டாகி, மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மறுபடி கார்பன் டை ஆக்சைடாகி, இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய் வெளிமூச்சில் காற்றுக்கே திரும்புகிறது. ஒளிச்சேர்க்கை, செரிமானம், செல் சுவாசம், வாயுப் பரிமாற்றம் என்று நான்கு பாடங்கள் ஒரே பாதையில் வந்துவிட்டன. புத்தகத்தில் இவை வெவ்வேறு அத்தியாயங்களில், வெவ்வேறு மாதங்களில் வருவதால்தான் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை மாதிரித் தெரிகின்றன.

பாதையைத் தொடர்ந்தவரையும் தொடராதவரையும் பிரித்துக்காட்ட ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது? ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைத் தடையில்லாமல் எழுதும் மாணவர்கள் பலர் "மண்ணிலிருந்து" என்பார்கள். இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த யான் பாப்டிஸ்டா வான் ஹெல்மாண்ட் இதைச் சோதித்தே பார்த்தார். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான குறிப்புகளின்படி, எடைபோட்ட மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி 5 ஆண்டுகள் வளர்த்தார். மரம் ஏறக்குறைய 74 கிலோ கூடியிருந்தது. மண் குறைந்ததோ சுமார் 57 கிராம்தான். எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு செய்தார். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அவர் கணக்கில் வரவே இல்லை. மரக்கட்டையில் உள்ள கார்பன் காற்றிலிருந்து வந்தது என்பதை நீங்கள் அந்தச் சமன்பாட்டிலேயே பார்க்கலாம், பார்க்க வேண்டும் என்று தோன்றினால். இதே கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: ஒருவர் உடல் இளைத்தால் அந்தக் கொழுப்பு எங்கே போனது? பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியாக வெளியே போயிற்று. ஒரே அறிவு, இரண்டு திசைகளில்.

பாதையை நோட்டில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அம்புகள் சரியாக இருக்க வேண்டும். அம்பு எங்கே நிற்கிறதோ, அந்த இடம்தான் உங்களுக்குப் புரியாத இடம். புத்தகத்தில் அந்தப் பத்தியை மட்டும் மறுபடி படியுங்கள்.

மூன்றாம் படி: 'ஏன்' என்பதற்குச் சரியான பதில்

'ஏன்' என்று கேட்கப் பழகிய மாணவர்கள் அடுத்து விழும் குழி ஒன்று உண்டு. செடி ஏன் வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது? "அதற்கு வெளிச்சம் தேவை, அதனால் வளைகிறது." இது விளக்கம் போலத் தெரியும்; ஆனால் வளைவது எப்படி நடக்கிறது என்று இதில் ஒரு சொல்கூட இல்லை. தேவை இருப்பதாலேயே எதுவும் நடந்துவிடாது.

சரியான பதிலுக்கு இரண்டு பகுதிகள். முதலாவது, அது எப்படி நடக்கிறது: தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வெளிச்சம் படாத பக்கத்துக்கு நகர்கிறது, அந்தப் பக்கத்துச் செல்கள் அதிகம் நீள்கின்றன, ஒரு பக்கம் மட்டும் நீண்டால் தண்டு மறுபக்கம் வளையத்தானே செய்யும். சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880இல் வெளியிட்ட சோதனையில், புல் நாற்றின் நுனியை மூடிவிட்டால் அது வளையவில்லை என்று காட்டினார்கள். வெளிச்சத்தை உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே. அப்படியானால் நுனியிலிருந்து கீழே ஏதோ ஒன்று போயாக வேண்டும். ஆக்சின் என்ற பெயர் வருவதற்குப் பல காலம் முன்பே இந்த யோசனை அங்கே வந்துவிட்டது. இரண்டாவது பகுதி, அது ஏன் நிலைத்தது: வெளிச்சத்தை நோக்கி வளைந்த செடிகளுக்கு அதிக உணவு கிடைத்தது, அவை அதிக விதைகளை விட்டுச் சென்றன. 'எப்படி' என்பதை விட்டுவிட்டு 'எதற்காக' மட்டும் எழுதினால் பாதி விடைதான்.

இந்த மாதிரிக் காரணங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், சில காரணங்கள் பல பாடங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பீர்கள். அவற்றில் மிக முக்கியமானது புறப்பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதம். பக்கம் 1 அலகு உள்ள கனசதுரத்துக்குப் புறப்பரப்பு 6, கன அளவு 1. பக்கம் 2 என்றால் 24, 8. பக்கம் 3 என்றால் 54, 27. விகிதம் 6, 3, 2 என்று சரிகிறது. பெரிதாக ஆக ஆக உள்ளே இருப்பதற்குத் தேவையானதை வெளிப்பரப்பு வழியாகக் கொண்டுவர முடியாமல் போகிறது. செல்கள் ஏன் சிறியவை, குடலில் ஏன் குடலுறிஞ்சிகள், நுரையீரலில் ஏன் காற்று நுண்ணறைகள், வேரில் ஏன் தூவிகள், மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வு ஏன் மடிந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான் அடிப்படை. நோட்டின் கடைசிப் பக்கத்தை இப்படித் திரும்பத் திரும்ப வரும் காரணங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

நான்காம் படி: ஒன்றை மாற்றிப் பார்ப்பது

புரிந்துவிட்டது என்ற உணர்வை நம்பாதீர்கள். நல்ல ஆசிரியர் சொல்லும்போதும், தெளிவான காணொளியைப் பார்க்கும்போதும் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். உண்மையில் புரிந்ததா என்று பார்க்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை: அமைப்பில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிவிட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று புத்தகத்தைப் பார்க்காமல் எழுதுங்கள்.

முதலில் கேட்ட வால்வுக் கேள்வியை எடுங்கள். மிட்ரல் வால்வு சரியாக மூடவில்லை. இடது வெண்டிரிக்கிள் சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பகுதி இடது ஏட்ரியத்துக்கே திரும்புகிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. அந்த ஏட்ரியத்துக்கு இரத்தம் வருவது நுரையீரலிலிருந்து. எனவே அங்கும் இரத்தம் தேங்குகிறது. மூச்சுவாங்குகிறது. இதயத்தில் கோளாறு, அறிகுறியோ மூச்சில். பாதையை மட்டும் ஒப்பித்தவருக்கு இந்தத் தாவல் வராது.

இன்னொன்று, சற்று நீளமானது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிந்துவிட்டன. இன்சுலின் இல்லாததால் தசைச் செல்களும் கொழுப்புச் செல்களும் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸைப் போதுமான அளவு எடுத்துக்கொள்வதில்லை. கல்லீரலும் குளுக்கோஸை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானில் வடிகட்டப்பட்ட குளுக்கோஸை மீட்டெடுக்கும் கடத்திப் புரதங்களுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டியது வடிதிரவத்திலேயே தங்குகிறது. கரைபொருள் அதிகம் உள்ள இடத்தில் சவ்வூடு பரவலின்படி தண்ணீரும் தங்கும். சிறுநீர் அதிகமாகிறது. உடலில் நீர் குறைகிறது, தாகம் எடுக்கிறது. செல்கள் குளுக்கோஸ் இல்லாமல் கொழுப்பையும் தசைப் புரதத்தையும் எரிக்க, உடல் இளைக்கிறது, பசியும் கூடுகிறது. அடிக்கடி சிறுநீர், அதிக தாகம், அதிக பசி, எடைக்குறைவு என்று நான்கு அறிகுறிகளைப் பட்டியலாக உருப்போடுவதற்கும், இந்தச் சங்கிலியை ஒருமுறை தானே கோத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சங்கிலி தெரிந்தவரால் அந்த நான்கையும் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் எழுத முடியும். ஹார்மோன், கழிவுநீக்கம், சவ்வூடு பரவல் என்று மூன்று பாடங்களையும் அவர் ஒரேயடியாகத் திருப்பிப் பார்த்தும் விட்டார்.

பழகிக்கொள்ள இன்னும் சில: சிவப்பணுவைத் தூய நீரில் போட்டால்? தாவரச் செல்லைப் போட்டால் ஏன் அப்படி ஆவதில்லை? செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருள் தடுத்தால் மைட்டாசிஸ் எந்த நிலையில் நிற்கும்? பாலைவனத்தில் வாழும் கங்காரு எலியின் நெஃப்ரானில் ஹென்லே வளைவு நீளமாக இருப்பதால் அதற்கு என்ன பயன்? ஒவ்வொரு விடையிலும் 'ஏனெனில்' என்ற சொல் குறைந்தது ஒருமுறையாவது வர வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: மனப்பாடத்தை முறையாகச் செய்வது

'ம' பட்டியலுக்கு வருவோம். இதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். பெயர்களும் எண்களும் நினைவில் இல்லாமல் ஆழமாக யோசிக்கவே முடியாது. கதிர் அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள், ஜீனில் ஜி.ஏ.ஜி என்ற இடத்தில் ஜி.டி.ஜி என்று ஒரே ஒரு காரம் மாறியதால் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக வாலின் வந்து உட்காருகிறது. குளூட்டாமிக் அமிலம் மின்னூட்டம் உடையது, நீரோடு ஒட்டும். வாலின் நீரை விலக்கும். ஆக்சிஜனை விட்டபின் இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன, சிவப்பணு அரிவாள் வடிவம் எடுக்கிறது, நுண்குழல்களை அடைக்கிறது. ஒற்றைக் காரத்திலிருந்து ஒரு மனிதரின் வலி வரை போகும் இந்தப் பாதை உயிரியலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று. ஆனால் கோடான் என்றால் என்ன, வாலின் எந்த வகை, நுண்குழல் எவ்வளவு குறுகியது என்பதெல்லாம் உடனே நினைவுக்கு வராவிட்டால், ஒவ்வொரு வரியிலும் நின்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள். யோசனை அறுந்துவிடும்.

வரிசைதான் முக்கியம்: முதலில் புரிதல், பிறகு மனப்பாடம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி 1885இல் நினைவாற்றல் பற்றிய முடிவுகளை வெளியிட்டார். அர்த்தமற்ற அசைகளை மனதில் ஏற்றத் தேவைப்பட்ட உழைப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அதே அளவுள்ள கவிதை வரிகளுக்குத் தேவைப்பட்டது. புரியாத பத்தியை உருப்போடுகிறவர் அந்த அர்த்தமற்ற அசைகளோடுதான் போராடிக்கொண்டிருக்கிறார்.

சரி, எப்படி ஏற்றுவது? திரும்பத் திரும்பப் படிப்பதையும் வண்ணப் பேனாவால் கோடு போடுவதையும் குறையுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் சிலர் அதையே மறுபடி படித்தார்கள், மற்றவர்கள் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். மறுபடி படிப்பது ஏன் இவ்வளவு பேரை ஏமாற்றுகிறது என்பதற்கு அந்த ஐந்து நிமிட முடிவே பதில்.

பெயர்களுக்குக் கேள்வி அட்டைகள் நல்லவை. ஒரு அட்டையில் ஒரே கேள்வி. 'மைட்டோகாண்ட்ரியா பற்றி எழுது' என்று அட்டை போடாதீர்கள். 'எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி மைட்டோகாண்ட்ரியாவின் எந்தப் பகுதியில் இருக்கிறது?' என்று போடுங்கள். இரண்டு திசையிலும் கேளுங்கள்: பெயரைச் சொல்லி வேலையைக் கேட்பது, வேலையைச் சொல்லிப் பெயரைக் கேட்பது. செபாஸ்டியன் லைட்னர் 1972இல் சொன்ன பெட்டி முறை இன்றும் போதுமானது: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் சில நாள் கழித்துத்தான் எடுப்பீர்கள், தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பும், அதை நாளைக்கே பார்ப்பீர்கள். கைபேசிச் செயலியும் இதைத்தான் செய்கிறது. ஆனால் அட்டையை நீங்களே எழுதுங்கள். மற்றவர் செய்த அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொண்டால், எதை அட்டையாக்குவது என்று யோசிக்கும் அந்த நல்ல வேலை போய்விடும்.

படங்களுக்கு அட்டை வேண்டாம். நெஃப்ரானை வெறும் தாளில் வரைந்து பாகங்களைக் குறியுங்கள், புத்தகத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள், இரண்டு நாள் கழித்து மறுபடி வரையுங்கள். மைட்டாசிஸின் புரோபேஸ், மெட்டாபேஸ், அனாபேஸ், டீலோபேஸ் போன்ற வரிசைகளுக்கு முதல் எழுத்துகளை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் செய்துகொள்ளலாம். வரிசையை மட்டும்தான் அது காப்பாற்றும். ஒவ்வொரு நிலையிலும் குரோமோசோம் என்ன செய்கிறது என்பதை வரைந்துதான் பழக வேண்டும்.

ஆறாம் படி: குழப்பும் ஜோடிகளைத் தீர்ப்பது

மைட்டாசிஸ், மயோசிஸ். தமனி, சிரை. இப்படி எல்லாரையும் குழப்பும் ஜோடிகளுக்குப் புத்தகங்கள் நீண்ட வேறுபாட்டு அட்டவணை கொடுக்கும். அந்த அட்டவணையை வரிக்கு வரி உருப்போடுவது வீண் வேலை. மற்ற வேறுபாடுகளுக்கெல்லாம் காரணமாக இருக்கும் ஒரு வேறுபாட்டைத் தேடுங்கள். மயோசிஸில் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்ந்து, பிறகு பிரிகின்றன. மைட்டாசிஸில் அப்படி இல்லை. இதிலிருந்தே எண்ணிக்கை பாதியாவதும், ஜோடி சேர்ந்திருக்கும்போது குறுக்கே மாற்றம் (துண்டுகள் இடம் மாறுவது) நடப்பதும், மகவுச் செல்கள் ஒன்றுபோல் இல்லாததும் வந்துவிடும். மனிதரில் 23 ஜோடிகளும் தனித்தனியாகப் பிரிவதால், குறுக்கே மாற்றத்தைக் கணக்கில் எடுக்காமலே 2இன் 23ஆம் அடுக்கு, அதாவது சுமார் 84 லட்சம் வகைச் சேர்க்கைகள் சாத்தியம்.

தமனிக்கு "ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் கொண்டுபோவது" என்று படித்தால் நுரையீரல் தமனியை விதிவிலக்காக நினைவில் வைக்க வேண்டும். "இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது" என்று படித்தால் விதிவிலக்கே இல்லை. சுவர் ஏன் தடிப்பு என்பதும் கூடவே வந்துவிடுகிறது, ஏனெனில் இதயம் தள்ளும் அழுத்தத்தை நேராகத் தாங்குவது அதுதான். "தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் சுவாசிக்கும்" என்பதும் இப்படித் தவறாகப் பதிந்த விதி. தாவரம் எல்லா நேரமும் சுவாசிக்கிறது. நல்ல வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் வேகம் அதைவிட அதிகம் என்பதால் வெளியே தெரிவதில்லை. ஒரு விதிக்கு விதிவிலக்குகள் கூடிக்கொண்டே போனால், விதியை நீங்கள் எழுதிவைத்திருக்கும் விதத்தைச் சந்தேகப்படுங்கள்.

விடை எழுதும்போது

கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'குறிப்பிடுக', 'பெயரிடுக' என்றால் 'ம' பட்டியலிலிருந்து ஒரு சொல் போதும். அங்கே விளக்கம் எழுதி நேரத்தை வீணாக்காதீர்கள். 'விளக்குக', 'காரணம் கூறுக' என்றால் சங்கிலி வேண்டும், அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் சரியான கலைச்சொல் வேண்டும். "நீர் உள்ளே போகும்" என்பதைவிட "நீர்ச்செறிவு அதிகமுள்ள இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு, தேர்வு கடத்துச் சவ்வின் வழியாகச் செல்லும்" என்பது மதிப்பெண் தரும் வரி. புரிந்தவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உங்கள் பாடத்திட்டம் ஒரு வரையறையைக் குறிப்பிட்ட சொற்களில் எதிர்பார்க்கிறது என்றால், அந்தச் சொற்களையே அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். அதில் கொள்கைப் பிடிவாதம் வேண்டாம்.

நாள் குறைவாக இருந்தால்

தேர்வுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது, பாடங்களோ நிறைய. இப்போது எல்லாவற்றையும் ஆழமாகப் படிக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காக முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வெறும் தாள் எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல், தெரிந்ததை எல்லாம் படமும் அம்புமாகப் பத்து நிமிடத்தில் கொட்டுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் சேருங்கள். எந்தத் தாளில் வேற்று நிறம் அதிகமோ, அந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுங்கள்.

பல பாடங்களைத் தாங்கும் செல் சவ்வு, நொதிகள், செல் சுவாசம், புரதம் உருவாதல் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். இவை தெளிவானால் மற்ற பாடங்களில் பாதி வரிகள் ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்கும். தனியாக நிற்கும் பெயர்ப் பட்டியல்களை இரண்டாம் நாள் மாலையிலிருந்து எடுக்கலாம். கடைசி நாளில் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, 'விளக்குக' கேள்விகளுக்கு மட்டும் முழு விடை எழுதிப் பாருங்கள். தேர்வுக் காலையில் தவறிய அட்டைகளை மட்டும் ஒருமுறை புரட்டினால் போதும். புதிய பாடம் எதையும் அப்போது திறக்காதீர்கள்.